காய்கறிக்கு சோப்பும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும்

(2021 மே மாதக் கொரோனா ஊரடங்கின்போது வீடியோவில் பேசியது.) வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் இல்லை. "அக்கா, வண்டியில் வாங்கின காய்கறியை எதில் போட்டுக் கழுவுறீங்க?" என்று கொரோனா பயத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பச்சைத் தண்ணீரில்தான். அதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் எனக்கு வந்த எரிச்சலையும் கொட்டியாக வேண்டும்.

இந்தப் பாட்டிலைப் பாருங்கள். காய்கறி கழுவும் திரவமாம். மாடி வீட்டு அக்கா கொண்டு வந்து கொடுத்து, "வீடியோவில் எல்லாருக்கும் சொல்லும்மா" என்றார்கள். மருந்துக் கடையில் வாங்கினார்களாம். அரை லிட்டர், 195 ரூபாய். மக்களே, 195 ரூபாய்! 2021 மே 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு, மளிகைக் கடைகூடக் கிடையாது, தெருவுக்கு வண்டிதான் வருகிறது. எங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் அந்த வண்டியில் கலவைப் பை 100 ரூபாய். தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய், கத்திரிக்காய், ஒரு கட்டு சிறுகீரை, கொசுறாகக் கறிவேப்பிலை. ஒரு பாட்டில் விலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு பை காய் வரும். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கையிலிருந்து இந்தப் பணத்தைப் பிடுங்குகிறார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

சரி, குறை சொல்வதற்கு முன்னால் போட்டுப் பார்த்துவிடலாம் என்று போட்டேன். என் நீலப் பேசின்தான், உங்களுக்குத் தெரியுமே. பேசின் தண்ணீருக்கு ஒரு மூடி ஊற்றி, பத்து நிமிடம் ஊற வைக்கச் சொல்லி லேபிளில் இருக்கிறது. எலுமிச்சை வாசனை வந்தது. கீரையை எடுத்தால் இலை வழவழவென்று விரலில் ஒட்டுகிறது. அலசினேன், நுரை. மறுபடி அலசினேன், தண்டு பிரிகிற இடத்தில் இன்னும் நுரை நிற்கிறது. இதோ, கிட்டே காட்டுகிறேன், அந்தக் குமிழி தெரிகிறதா? வேலூரில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. ஒரு கட்டுக் கீரைக்கு இத்தனை தண்ணீரை யார் கொட்டுவது?

கீரை, காய் எல்லாம் சோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது வயிற்றுக்குள் போனால் குமட்டல், வயிற்றுப்போக்கு. கொரோனா நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் வீடே நடுங்கிப்போகும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே கிருமிநாசினி, சோப்பு போடாதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது.

வாங்கி வந்த பொருள் மேல் கொரோனா ஒட்டியிருக்கும் என்கிற பயம் எங்கிருந்து வந்தது என்றால், 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கொரோனா வைரஸ் அட்டைப்பெட்டியில் ஒரு நாள் வரைக்கும், பிளாஸ்டிக்கில் மூன்று நாள் வரைக்கும் உயிர்ப்போடு இருக்கும் என்றார்கள். உடனே எல்லாரும் பிஸ்கட் பாக்கெட்டைத் துடைக்க ஆரம்பித்தோம். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் ஏராளமான வைரஸை இட்டு அளந்தது. வைரஸ் பூஞ்சை மாதிரி பாக்கெட் மேல் வளராது. பெருக வேண்டுமென்றால் அதற்கு உயிருள்ள செல் வேண்டும். வெளியே கிடந்தால் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டேதான் போகும். அதே 2020 ஜூலையில் எமானுவேல் கோல்ட்மேன் என்ற நுண்ணுயிரியல் பேராசிரியர், பொருட்கள் மூலம் பரவும் என்கிற பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் எழுதினார். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வைரஸ் பட்ட பொருளைத் தொட்டாலும் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-த்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது.

2020-இல் சென்னை கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டில் நடந்தது நினைவிருக்கிறதா? மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே மூடினார்கள். அங்கே போய் வந்தவர்கள் மூலம் நம் வட மாவட்டங்களுக்கெல்லாம் தொற்று வந்தது. அது முட்டைக்கோஸ் மேல் உட்கார்ந்து வரவில்லை. மூட்டை தூக்குகிறவர், வியாபாரி, லாரி ஓட்டுகிறவர் என்று மனிதர்கள் நெருக்கியடித்து நின்றதால், மூச்சுக் காற்றில் வந்தது.

இப்போது நம் தெரு வண்டிக்கு வாருங்கள். முள்ளுக் கத்திரிக்காய் வந்திருக்கிறது, இலவம்பாடிக் காய் என்று ஒரு குரல் கேட்டால் போதும், தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். எனக்கும் அந்தக் காய் என்றால் உயிர்தான், எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதை அடிக்க வேறு காய் கிடையாது. ஆனால் மாஸ்க் தாடையில் தொங்குகிறது, பேரம் பேசும் குரல் ஊருக்கே கேட்கிறது. அங்கே அப்படி நின்றுவிட்டு வந்து, வீட்டில் 195 ரூபாய் மருந்தில் கத்திரிக்காயைக் குளிப்பாட்டுகிறார்கள். கேட்டால் ஜாக்கிரதையாக இருக்கிறார்களாம்! காயை விடுங்கள், மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றுங்கள்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் வினிகரோ எலுமிச்சையோ சேர்த்துக் கழுவச் சொல்லி வாட்ஸாப்பில் ஒன்று சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ப்ளீச்சோடு புளிப்பு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடின சமையலறையில் அது நுரையீரலையே எரித்துவிடும். காயை நனைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன 50 பிபிஎம் குளோரின், அதாவது பத்து லட்சம் பங்கில் 50 பங்கு மட்டும், அது வேறு, இது வேறு. அளக்கத் தெரியாமல் கை வைக்காதீர்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். வந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு, சோப்பு போட்டு இருபது விநாடி கை கழுவுவேன். வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதை உடைத்துவிடும், அதனால் சோப்பு கைக்கு. காய்க்கு ஓடுகிற தண்ணீரும் விரலும் போதும், மண்ணும் பூச்சிமருந்தும் போகத் தேய்க்க வேண்டும், அது கொரோனா இல்லாத காலத்திலும் செய்ததுதான். காலிஃபிளவருக்கு உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர், அது புழுவுக்காக. பால் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன்னால் குழாயில் காட்டுவது நம் அம்மா காலத்துப் பழக்கம், அதை விட வேண்டாம். மளிகைப் பொருளை டப்பாவில் கொட்டிவிட்டு, கவரைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினால் முடிந்தது.

மாடி வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டேன், மீதிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார்களாம். எங்கள் தெருவில் நாளைக்கு வீட்டுக்கு ஒருவர், சுண்ணாம்புக் கோடு போட்டு நிற்பது என்று பேசியிருக்கிறோம். வண்டிக்கார அண்ணனும் பையை முன்கூட்டியே கட்டி வைக்கிறேன் என்றார். உங்கள் தெருவில் கலவைப் பை என்ன விலை, கூட்டம் எப்படி என்று கீழே எழுதுங்கள்.