கேள்வியோடு போகிறவர்கள்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, கிளிநொச்சியின் இந்த வெக்கையிலும் கலையாமல் இருந்து கேட்கும் பெரியோரே, தாய்மாரே, இளையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

“இளையோர் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களை நாடுவது பெரிதும் தொழில்வாய்ப்புக் கருதியா, இறைநம்பிக்கை கருதியா?” என்பது இன்றைய தலைப்பு. இறைநம்பிக்கை கருதியே என்று வாதிட வந்திருக்கிறேன். நம்பிக்கை என்று நான் சொல்வது ஐயமே எழாத பக்தியை அல்ல என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கடவுளைப் பற்றிக் கவலைப்படாதவருக்குக் கடவுளிடம் கேட்க ஒன்றுமில்லை. நம்புகிறவருக்குத்தான் கேள்விகள் அதிகம். அந்தக் கேள்விகளை ஒளிக்காமல் எடுத்துச் சென்று, படிப்போடு படிப்பாக வைத்து ஆராயக்கூடிய ஓரிடத்தைத் தேடியே அவர்கள் போகிறார்கள் என்பது எங்கள் அணியின் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் தொடங்கினார். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது, அரச பல்கலைக்கழகம் கை நழுவிப்போகிறது, அதனால்தான் வேறு வழியின்றிக் கிறிஸ்தவ நிறுவனங்களைத் தேடுகிறது என்றார். அந்த வேதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கை முழுமையாகப் பார்ப்போம். அரச பல்கலைக்கழக அனுமதியில் பொதுவாக 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இங்கே அறிவியல்நகரிலேயே இருக்கின்றன. அப்படியும் இடம் கிடைக்காதவருக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு, வெளிவாரிப் பட்டம் உண்டு, உடனே கையில் தொழில் வேண்டுமென்றால் அதே அறிவியல்நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் உண்டு. இத்தனையையும் கடந்து, காணியை ஈடு வைத்தோ வெளிநாட்டிலுள்ள மாமாவிடம் கேட்டோ பணம் புரட்டி, கடல் கடந்து ஒரு கிறிஸ்தவ நிறுவனத்துக்குப் போகிற பிள்ளையை “வேறு வழியில்லாமல் போனது” என்று சொல்வது அந்தப் பிள்ளையின் தெரிவையே அவமதிப்பதாகும்.

அடுத்ததாக அவர் வட்டுக்கோட்டைக்குப் போனார். நல்ல இடத்துக்குத்தான் போனார். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம், மாணவர்கள் ஆங்கிலத்துக்கும் உத்தியோகத்துக்குமே வருகிறார்கள், வேதத்துக்காக வரவில்லை என்று மிஷன் தலைமையே எண்ணியதுதான். எதிரணித் தலைவி இதைச் சொன்னபோது சபையில் கைதட்டல் எழுந்தது; நானும் கைதட்டினேன், ஏனெனில் செய்தி உண்மை. ஆனால் அவர் அதிலிருந்து எடுத்த முடிவு பிழை. ஊரில் ஒரே ஒரு கிணறு இருந்தால் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் அள்ளுவார்கள். அதை வைத்து அவர்கள் எதற்காக அந்தக் கிணற்றைத் தெரிந்தார்கள் என்று எவரும் விளக்கம் சொல்ல முடியாது. அன்று யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி என்றால் அந்தச் செமினரிதான். தெரிவே இல்லாத காலத்துச் சான்றைக் கொண்டுவந்து, பத்து வழி திறந்திருக்கும் காலத்துப் பிள்ளையின் மனதை அளக்க முடியுமா?

அந்த வரலாற்றிலேயே அவர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. வட்டுக்கோட்டையில் பயின்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர். பின்னாளில் சைவராகவே வாழ்ந்து, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இவர்கள் கிறிஸ்தவத்துக்கு வெளியே போனவர்கள்தானே, இது உங்கள் கட்சிக்கு எதிராயிற்றே என்று எதிரணியினர் சிரிக்கலாம். இல்லை. வேதப்புத்தகம் திறந்து கிடந்த வகுப்பறையில்தான் அவர்களுக்குச் சமயம் என்பது பரம்பரையாக வந்த வழக்கமாக நில்லாமல், ஆராய்ந்து விடை காணவேண்டிய வினாவாயிற்று. உத்தியோகம் மட்டும் தேடியிருந்தால் இருவரும் கச்சேரியில் எழுதுவினைஞராக ஓய்வு பெற்றிருப்பார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். விசுவமடுவில் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, தமிழ்நாட்டிலுள்ள ஒரு கிறிஸ்தவக் கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க, சந்தியிலிருக்கும் கொமினிகேசன் கடையில் கணினி முன் அமர்ந்திருந்தாள். பெறுபேற்றுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம் எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியில் “எமது நிறுவனத்தை ஏன் தெரிவு செய்கிறீர்?” என்று ஒரு கட்டம். முதலில் “நல்ல எதிர்காலம் அமையும்” என்று எழுதினாள், எழுதியதை அழித்தாள். கடைக்காரத் தம்பி, “அக்கா, எல்லாரும் அதைத்தான் எழுதுறவை, அதையே போடுங்கோ” என்றான். அவள் கேட்கவில்லை. நெடுநேரம் இருந்துவிட்டு, “2009இல் இறந்த என் தம்பிக்காக அம்மா இன்னமும் ஒவ்வொரு இரவும் செபிக்கிறார். அந்தச் செபம் எங்கே போகிறது என்று நான் படித்து அறிய வேண்டும்” என்று எழுதினாள். விண்ணப்பித்தது இறையியலுக்கு அல்ல, உளவியலுக்கு.

நடுவர் அவர்களே, இந்த வரியைத் தொழில்வாய்ப்புக் கணக்கில் எந்தப் பக்கத்தில் பதிவது? முள்ளிவாய்க்காலைக் கைக்குழந்தையாகக் கடந்துவந்த தலைமுறை இன்று பல்கலைக்கழக வயதில் நிற்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபோது அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். கடவுள் எங்கே இருந்தார் என்று அவர்கள் கேட்காமல் இருப்பார்களா? கோவிலில் கேட்டால், “அப்படிக் கேட்கக் கூடாது பிள்ளை” என்கிறோம். உளவியல் விரிவுரையில் கேட்டால், அது பாடத்திட்டத்துக்கு வெளியே என்று விரிவுரையாளர் நியாயமாகவே சொல்லிவிடுவார். கிறிஸ்தவ நாகரிகம் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பாடம் இருக்கிறதே என்று எதிரணியினர் கேட்கலாம். இருக்கிறது, மதிக்கிறேன். அதைத் தெரிவு செய்தவர் மட்டும் அதைப் படிப்பார். பொறியியல் மாணவனுக்கும் கணக்கியல் மாணவிக்கும் அந்த அறையில் இடமில்லை.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பப்ரிஸ்த சபையினர் 1845இல் தோற்றுவித்த பேய்லர் பல்கலைக்கழகத்தில், எந்தத் துறையில் இளமாணிப் பட்டம் படிப்பவரும் கிறிஸ்தவ மறைநூலையும் கிறிஸ்தவ மரபையும் பாடங்களாகக் கற்கவேண்டும். சிற்றாலய வழிபாட்டு நேரத்துக்கும் வரவேண்டும். இலினோய் மாநிலத்து வீற்றன் கல்லூரியில் மாணவர்கள் மது அருந்துவதில்லை, புகைப்பதில்லை என்று உறுதி கொடுக்கிறார்கள். 2003 வரை அங்கே நடனமாடவும் தடை இருந்தது. இருபது வயதில், செலவு குறைந்த அரச பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்க, கூடுதல் கட்டணமும் கட்டி இத்தனை கட்டுப்பாட்டுக்கும் ஒப்பமிடுகிற ஒருவர், பட்டச் சான்றிதழை மட்டும் நினைத்தா ஒப்பமிடுகிறார்?

அமெரிக்கா தூரம் என்றால் தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வருவோம். அதை வன்னிக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்தச் சபையிலேயே வைத்தியத்துக்காக அங்கே போய் வந்தவர்கள் இருப்பீர்கள். ஆண் வைத்தியர் பார்க்கக் கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று தாய்மார் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போன ஐடா ஸ்கடர், 1900இல் அங்கே பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். இன்று அது இந்தியாவின் முன்னணி மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று. அதன் தரத்துக்காகவும் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருச்சபைகளின் ஆதரவோடு அங்கே சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தம்மை அனுப்பிய சபையின் மருத்துவமனையில், அது எந்தக் குக்கிராமத்தில் இருந்தாலும், குறிப்பிட்ட காலம் பணி செய்வதாக முன்னமே ஒப்பந்தம் எழுதுகிறார்கள். சம்பளம் ஒன்றே குறி என்றால், சம்பளம் குறைந்த இடத்தில் வேலை செய்ய முன்கூட்டியே கையெழுத்து வைப்பது என்ன வகைத் தொழில்வாய்ப்பு?

பகிடிவதைக்குப் பயந்தும், பெண்பிள்ளைக்கு விடுதி பாதுகாப்பென்றும் பெற்றோர் அனுப்புகிறார்கள் என்ற வாதமும் வந்தது. அது பெற்றோரின் காரணம். தலைப்பு இளையோரைப் பற்றியது. அவ்வளவில் அதை விடுகிறேன். கிறிஸ்தவப் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு அங்கீகாரமற்ற சான்றிதழ்களை விற்கும் நிறுவனங்களும் உண்டு என்று அவர் எச்சரித்தது மட்டும் சரி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள் என்று இந்த மேடையிலிருந்தே நானும் சொல்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, போலி மருந்து விற்கப்படுகிறது என்பதால் நோயாளி கடைக்குப் போனது நோய்க்காக அல்ல என்று ஆகிவிடாது.

என் நேரம் முடிவதற்கான முதல் மணி அடித்துவிட்டது. எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு அமர்கிறேன். விசுவமடுப் பிள்ளை முதலில் எழுதியது உங்கள் கட்சி. அதை அவள் அழித்துவிட்டாள். அதை எழுதியிருந்தாலும் அனுமதி கிடைக்கத் தடையில்லை, கடைக்காரத் தம்பியும் அதையே எழுதச் சொன்னான். பிறகு ஏன் அழித்தாள் என்பதற்குத் தொழில்வாய்ப்பை வைத்து நீங்கள் ஒரு விளக்கம் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.