கடைசி வரியைப் படியுங்கள்

அவையோருக்கு வணக்கம். முன்னோரைத் தேட உதவும் பழைய பத்திரிகைச் சாவு அறிவிப்புகளைப் பற்றிப் பேச வந்தவனுக்கு வாசலிலேயே மாலை போட்டுவிட்டீர்கள். அதில் உட்பொருள் ஏதும் இல்லை என்று நம்பித் தொடங்குகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1836 டிசம்பர் 28 அன்று பஃபலோ என்ற கப்பலில் வந்திறங்கிய ஆளுநர் ஹிண்ட்மார்ஷ், ஹோல்ட்ஃபாஸ்ட் விரிகுடாக் கரையில் குடியேற்ற அரசை அறிவித்தார். அதையொட்டிய ஆண்டுகளில் வந்தவர்களின் வழியினரை அங்கே ‘முன்னோடிக் குடும்பங்கள்’ என்கிறார்கள். கௌர்ணா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மண் அது. அவர்களிடம் போய் முன்னோடி யார் என்று கேட்டால் அந்தச் சொல் நிற்காது. நான் பேசப்போகும் பத்திரிகைப் பத்தி, குடியேறியவர்கள் காசு கொடுத்துப் போட்ட பத்தி. அதில் கௌர்ணா மக்களின் சாவைத் தேடிப் பயனில்லை.

அரசாங்கத்தின் இறப்புப் பதிவு இருக்கும்போது பத்திரிகை எதற்கு? பக்கத்துக் குடியேற்றமான விக்டோரியாவில் 1853 முதல் வந்த சான்றிதழ்கள் தாராளமானவை. பெற்றோர் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்டு எழுதினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவோ 1842-லேயே பதிவைத் தொடங்கியும், பெயர், வயது, தொழில், நோய் என்று எழுதி முடித்துக்கொண்டது. கொள்ளுப்பாட்டன் எல்லை தாண்டிப் போய் மெல்போர்னில் கண்மூடியிருக்கக் கூடாதா என்று பேரப்பிள்ளைகளுக்குத் தோன்றினால் அது பாவமில்லை.

ஆகவே அடிலெய்டின் ‘ரெஜிஸ்டர்’, 1858-இல் தொடங்கிய ‘அட்வர்டைசர்’ போன்ற நாளேடுகளுக்குப் போகிறோம். அந்தக் கால அறிவிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒன்றைப் புனைந்து சொல்கிறேன். ஆண்டு 1882. ‘கடந்த 28-ஆம் தேதி, மருமகன் இல்லத்தில், நீண்ட துன்பமான நோய்க்குப் பின், இன்னாருடைய ரெலிக்ட், வயது 71. நாற்பத்து மூன்று ஆண்டுக் குடியேறி. டெவன் பத்திரிகைகள் எடுத்து வெளியிட வேண்டுகிறோம்.’

‘ரெலிக்ட்’ என்றால் கைம்பெண். அப்படியானால் கணவர் முன்பே இறந்துவிட்டார். அவருக்கும் ஓர் அறிவிப்பு பழைய இதழ்களில் எங்கோ கிடக்கலாம். மருமகன் இல்லம் என்றதும் நிமிர்ந்து உட்காருங்கள். திருமணமாகிக் குடும்பப்பெயர் மாறிப் போன மகளைப் பதிவேட்டில் தொலைத்திருப்பீர்கள். இதோ அவள் கணவன் பெயரோடும் ஊரோடும் அகப்படுகிறாள். இறந்தவளின் சொந்தப் பெயர்தான் எங்குமில்லை. கணவன் பெயரால் தேடினால்தான் மனைவியின் சாவு கிடைக்கும் என்பது அந்தக் காலத்தின் நடப்பு.

1882-இலிருந்து நாற்பத்து மூன்றைக் கழித்தால் 1839. கப்பல் தேட வேண்டிய ஆண்டு அது. ஆனால் முந்தி வந்தவர் என்பது அங்கே பெரிய பெருமை, பெருமை சேரும் இடத்தில் கணக்கு சற்று நீளும். ‘முதல் கப்பலில் வந்தோம்’ என்று பஃபலோவைச் சொல்பவர்களிடம், அதற்கு ஐந்து மாதம் முன்பே, 1836 ஜூலையில், டியூக் ஆஃப் யார்க் கங்காரு தீவை அடைந்துவிட்டதை மெல்ல நினைவூட்டுங்கள். தேதியிலும் வழுக்கும். மார்ச் 3-ஆம் தேதி இதழில் ‘28 அல்ட்’ என்று இருந்தால் அது சென்ற மாதம், பிப்ரவரி 28. ‘இன்ஸ்ட்’ என்றிருந்தால்தான் நடப்பு மாதம்.

இப்போது கடைசி வரி. பலரும் அதை அச்சுச் சம்பிரதாயம் என்று தாண்டிவிடுகிறார்கள். நான் முதலில் படிப்பதே அதைத்தான். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் யாரோ இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், தம்பியோ தங்கையோ. முகவரி தொலைந்திருக்கலாம், கடிதப் போக்குவரத்து நின்றிருக்கலாம், ஆனால் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று இங்கே ஒருவர் நினைத்திருக்கிறார். சான்றிதழ் மறைத்த பிறந்த மாவட்டத்தை அந்த வரி காட்டிக்கொடுக்கிறது. அடுத்த சில மாதங்களின் டெவன் இதழ்களைப் புரட்டுங்கள். கப்பலில் செய்தி போய்ச் சேர அவ்வளவு காலமாகும். அங்கே மறுபடி அச்சானால், உள்ளூர்க்காரர்களுக்கு விளங்குவதற்காகத் தகப்பனார் பெயரையும் தெருவையும் சேர்த்திருக்கலாம். இங்கே கப்பலும் அங்கே தகப்பனாரும் கிடைத்தால் குடும்பம் ஒட்டிக்கொள்ளும்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய இதழ்களை இலவசமாகவே தேடலாம். கணினி எழுத்தைப் பிழையாகப் படிக்கும், அவ்வளவுதான்: ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி எம் ஆகிவிட, ‘பர்ன்ஸ்’ என்ற கௌரவமான குடும்பம் ‘பம்ஸ்’ ஆகிவிடும். திருத்தும் வசதி வாசகர்களுக்கே உண்டு, தயவுசெய்து திருத்துங்கள்.

ஜெர்மானியக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல். 1838 இறுதியில் ஸீப்ரா கப்பலில் வந்தவர்கள், தங்களுக்கு நிலம் தேடித்தந்த கப்பல்தலைவர் ஹானின் பெயரால் ஹான்டார்ஃப் என்ற ஊரை அமைத்தார்கள். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் மொழிப் பத்திரிகைகள் தடை செய்யப்பட்டன. 1917-இல் ஒரு சட்டம் போட்டு ஊர்ப் பெயர்களையும் மாற்றினார்கள். ஹான்டார்ஃப் ஆம்பிள்சைடு ஆயிற்று. 1935-இல்தான் பழைய பெயர் திரும்பியது. அண்ணன் 1925-இல் ஆம்பிள்சைடில் இறந்தார், தம்பி 1938-இல் ஹான்டார்ஃபில் இறந்தார் என்று இரண்டு அறிவிப்புகள் கிடைத்தால், குடும்பம் எப்போது ஊர் மாறியது என்று தேடி அலையாதீர்கள். அடுத்த தெருவுக்குக்கூட அவர்கள் போகாமல் இருந்திருக்கலாம்.