கருப்பட்டியும் கிரானோன் மலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆனி, ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம் பக்கமாக மேற்கே சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வோம். கால் லேசாகிவிடும். பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் சமவெளி நாட்களில் நடப்பதும் இதுதான். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர்.

மலை வந்தால் வேகம் குறையும், காற்று பெரிதாகத் தெரியாது, உடம்பின் எடைதான் பாரம். அதனால் மலையில் ஜெயிப்பது தனி ஆளின் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மலையிலும் துணைக்கு ஆள் வேண்டும்.

அந்தப் பந்தயத்தில் 2022 ஜூலை 13-ஐச் சொல்கிறேன். அன்று ஆல்ப்ஸ் மலையில் கலிபியர் கணவாய் ஏறி இறங்கி, கிரானோன் மலையில் முடிக்க வேண்டும். நம் பொதிகை உச்சி 1,868 மீட்டர். கலிபியரில் சாலையே 2,642 மீட்டருக்குப் போகிறது. அதுவரை மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருந்தவர் ஸ்லோவேனியாவின் பொகாச்சர். எதிரணியில் ரோக்லிச், விங்கெகார் என இரண்டு பேர். ரோக்லிச் பாய்வார், பொகாச்சர் துரத்திப் பிடிப்பார். அவர் மூச்சு வாங்குவதற்குள் விங்கெகார் பாய்வார். மறுபடியும் துரத்தல். கிணற்றில் இரண்டு பேர் முறை வைத்து இறைக்க, எதிரே ஒருத்தர் தனியாக ஈடு கொடுத்து இறைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். கடைசியில் கிரானோனில் பொகாச்சரின் கால் நின்றுபோனது. விங்கெகாரிடம் 2 நிமிடம் 51 வினாடி இழந்தார். அந்த வருடப் பட்டமும் விங்கெகாருக்குப் போனது. ரோக்லிச் அன்று வெகுவாகப் பின்தங்கினார், சில நாளில் விலகியும்விட்டார். ஆனால் அந்த வெற்றியில் பாதி அவருடையது என்பேன்.

சரி, கால் நின்றுபோவது என்றேனே, அது எனக்கும் நடந்திருக்கிறது. பள்ளிக்கூட வயதில் ஓர் ஆடி அமாவாசைக்கு நானும் அண்ணனும் பாபநாசத்திலிருந்து சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு சைக்கிளிலேயே ஏறினோம். 20 கிலோ சைக்கிள், கியர் கிடையாது. காலையில் வீம்புக்குச் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். பாதி வழியில் கண் இருட்டியது, கை நடுங்கியது. வெயில்கூட இல்லை, சாரல்தான். அண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து, "ஏலே, பேசாம இத வாயில போட்டுச் சப்பு" என்றான். கால் மணி நேரத்தில் உடம்பு திரும்பி வந்தது. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இன்றைய வேகத்தின் பெரிய ரகசியம் அந்தக் கருப்பட்டிதான் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். முன்பு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, சர்க்கரைக்கு மேல் குடல் வாங்காது என்றார்கள். குளுக்கோஸ் போகும் பாதை அவ்வளவில் நிரம்பிவிடும். ஆனால் பிரக்டோஸுக்குப் பாதை வேறு. இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 கிராம், இப்போது 120 கிராம் வரை போகிறார்கள். கருப்பட்டியிலும் சீனியிலும் இரண்டும் பாதிப்பாதி இருக்கின்றன, பாருங்கள்! ஐந்து மணி நேரப் பந்தயம் என்றால் 600 கிராம், அரைக் கிலோவுக்கு மேல். அதைத் தாங்க, காலைப் பழக்குவது போல வயிற்றையும் மாதக்கணக்கில் பழக்குகிறார்கள்.

2024 டூர் டி பிரான்ஸில், ஜூலை 14 அன்று பிளாட்டோ டி பெய் மலையில், இத்தாலியின் பந்தானி 1998-இல் ஏறிய நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைவாக பொகாச்சர் ஏறினார். அடுத்து வந்த விங்கெகாரும் பழைய நேரத்தை முறியடித்தார். பந்தானியின் 1998 சிறுநீர் மாதிரிகளில் இபிஓ ஊக்கமருந்து இருந்ததை 2013-இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. அப்படியானால் இவர்கள் எப்படி அதைவிட வேகமாக ஏறுகிறார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஊக்கமருந்தால் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்கள் பறிபோனதைப் பார்த்தவர்கள் நாம். என் பதிலைச் சொல்கிறேன்: சாப்பாடு மாறிவிட்டது, உயரமான இடங்களில் பயிற்சி கூடிவிட்டது. முக்கியமாக, மலையடியிலிருந்தே துணைவர்கள் முன்னால் நின்று வேகத்தை ஏற்றுகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஏறும்போது மலையிலும் முன்னால் போகிறவரின் முதுகு உதவும், நம் வைக்கோல் டிராக்டர் மாதிரி. அந்த வேகத்தில் எதிரியால் பாயவே முடியாது. பதில் முழுதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சோதனை தொடர வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். மலை இறக்கத்தைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று: அந்தக் காலத்து வீரர்கள் உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள். வியர்த்த நெஞ்சில் குளிர்காற்று அடிக்காமல் இருக்க. மஞ்சோலையிலிருந்து அதிகாலையில் மணிமுத்தாறுக்கு இறங்குகிறவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள். வணக்கம்.