கையில் ஆறு மணி நேரம்

சேலம் நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் எங்களைக் கப்பலில் அழைத்துப் போனான். பயணத் திட்டத்தில் ‘பாங்காக், ஒரு நாள்’ என்று போட்டிருந்தது. இறங்கிப் பார்த்தால் பாங்காக்கைக் காணோம்! கப்பல் நிற்பது லேம் சபாங் என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ஊருக்குள் போக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நாம் ஈரோடு போய்த் திரும்பும் தூரம், ஒரு வழிக்கே ஆகிவிடுகிறது. போக இரண்டு மணி, வர இரண்டு மணி, சாலை நெரிசலுக்கு ஒரு மணி என்று கழித்தால் கையில் நிற்பது ஆறு மணி நேரம். தனியாக வேன் பிடித்துப் போய்விட்டுத் தாமதமாக வந்தால் கப்பல் உங்களுக்காக நிற்காது. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எல்லோரும் அரண்மனைக்கு ஓடுகிறார்கள். பேரன் அரைக்கால் சட்டையில் வந்திருந்தான், அங்கே அதற்கு அனுமதி இல்லை. நல்லதாகப் போயிற்று என்று படகுத்துறைக்கு நடையைக் கட்டினோம்.

சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரை தோன்புரி. வாய்க்கால்கள் இன்னும் உயிரோடு இருப்பது அங்கேதான். கிழக்கே பல வாய்க்கால்களை மூடிச் சாலை போட்டுவிட்டார்கள். படகின் பின்புறம் ஒரு வண்டி எஞ்சினை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து நீளமாக ஒரு இரும்புத் தண்டு, அதன் நுனியில் விசிறி. திருப்ப வேண்டுமென்றால் படகுக்காரர் எஞ்சினையே சேர்த்துத் திருப்புகிறார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. வாய்க்கால் முகப்பில் மதகு. கதவு மூடி, நீர்மட்டம் சமமாகி, எதிர்க்கதவு திறக்கும்வரை பத்துப் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் கால்நட்டு நிற்கும் மரவீடுகள், வாசற்படி நேராகத் தண்ணீருக்குள். ஒரு படியில் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் படியில் ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளவில்லை!

வாட் போ என்ற புத்தர் கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சாய்ந்திருக்கிறார். பார்த்தோம், வந்தோம். என் மனம் சீலோம் சாலையில்தான் இருந்தது. அங்கே நம்மவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில். ஆடியில் நம் கோட்டை மாரியம்மனுக்கு நிற்கும் கூட்டம்போல, தாய்லாந்துப் பிள்ளைகள் செவ்வந்தி மாலையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. மார்கழியில் நாம் பாடும் திருவெம்பாவையை அந்த ஊர் அரசவைப் பிராமணர்கள் மந்திரமாக ஓதி வந்திருக்கிறார்கள். அதை ஓதும் விழாவின் பெயரே ‘திரியம்பாவாய்’. அதற்கென்று நட்ட பெரிய ஊஞ்சல் நடுத்தெருவில் சிவப்பாக நிற்கிறது. ஆடுவது 1935-இல் நின்றுவிட்டது. பேருந்து ஜன்னலிலிருந்து ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான் கிடைத்தது.

ஊர் திரும்பிய அன்று, எங்கள் ஆட்டோ திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் ஏறியது. என் வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “ஏங்க, இதுல படகு விட்டா யாருங்க ஏறுவாங்க?”

வணக்கம்.