உங்கள் டேப்பை யார் கேட்பார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஜூன் மாதம் ஒரு பெண் தன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தாள். பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்திருக்கிறாள், அடுத்து எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி சேர ஆசை, எந்தக் காலேஜ் நல்லது மேடம் என்று கேட்கத்தான் வந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா குறுக்கிட்டார்: "ரெண்டு வருஷம் படிச்சா கவுன்சிலர் ஆயிடலாம்லம்மா?" கவுன்சிலர் என்றால் நம் ஊரில் பலருக்கும் வார்டு கவுன்சிலர்தான் நினைவுக்கு வருவார், அதனால் உளவள ஆலோசகர் என்றே இங்கே சொல்கிறேன். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. வானொலியிலிருந்து கூப்பிட்டபோது அதையே முழுசாகப் பேசிவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்தில் பட்டம் வரும். நான்கு செமஸ்டரில் மனித வளர்ச்சி, ஆளுமைக் கோட்பாடுகள், உளச் சோதனைகள், ஆராய்ச்சி முறை, புள்ளியியல், கார்ல் ரோஜர்ஸ், ஆரன் பெக் என்ற அறிஞர்களின் ஆலோசனை முறைகள் எல்லாம் வந்துவிடும், படிக்கிற பிள்ளைகள் நன்றாகவே மார்க் வாங்குவார்கள். இதெல்லாம் கட்டாயம் வேண்டும். மனச்சோர்வு நோய்க்கும் சாதாரணத் துக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் இந்த நாற்காலியில் உட்காரவே கூடாது. ஆனால் ஒரு ஆளை ஆலோசகராக ஆக்குகிற நேரம் வேறு. நீங்கள் ஒருவரிடம் எப்படிக் காது கொடுத்தீர்கள், நடுவில் என்ன சொன்னீர்கள், எங்கே அவசரப்பட்டீர்கள் என்பதை உங்களைவிட அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கிறாரே, அந்த நேரம். மேற்பார்வை என்று பெயர், நாங்கள் பேச்சில் சூப்பர்விஷன் என்றே சொல்வோம். அது எவ்வளவு மணி நேரம் கிடைத்தது என்பதுதான் என் கணக்கு.

என் கதையையே சொல்கிறேன், ஆலோசனைக்கு வந்தவரின் அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அப்போது நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில் எனக்கு முதன்முதலாக ஒதுக்கப்பட்டவர் நாற்பது வயதுப் பெண், கணவர் இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் சம்மதத்தோடு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சின்ன டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தேன். ஐம்பது நிமிடப் பேச்சைக் கையால் எழுத்துக்கு எழுத்து எழுதி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது, இருபத்து மூன்று பக்கம். அதை மேற்பார்வை செய்த பேராசிரியை கையில் கொடுத்தேன். அவர் ஒரு பென்சிலை எடுத்து நான் பேசிய வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் கோடு போட்டுக்கொண்டே போனார். பாதிக்கு மேல் கோடாகவே இருந்தது. வந்தவரைவிட நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன்!

நாலாவது பக்கத்தில் நிறுத்தினார். அந்தம்மா, "ராத்திரி ஆனா நெஞ்சு மேல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும்மா" என்கிறார். நான் உடனே, "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் போகப்போகச் சரியாயிடும், பிள்ளைங்களுக்காகவாவது நீங்க தைரியமா இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறேன். சாவு வீட்டுக்கு வருகிற எவரும் சொல்வதுதான், பாவம் பார்த்துத்தானே சொன்னேன் என்று நினைத்தேன். பேராசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: "இதை அவங்களுக்காகச் சொன்னியா, உனக்குத் தாங்க முடியாமச் சொன்னியா?"

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். அடுத்த வாரம் அந்தம்மா அதே கல்லைப் பற்றி மறுபடி சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேப்பில் அந்த இடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் நாற்பது விநாடி கேட்கும். அதற்கு அப்புறம் அவர் சொன்னார், "அவர் போனப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா, இதை நான் யார்கிட்ட சொல்ல?" அடித்து உதைத்த கணவர். அவரோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறார் அந்தம்மா. ஊர் முழுக்க அந்தம்மாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது, நானும் முதல் வாரம் அந்த ஊரோடு சேர்ந்துகொண்டேன். அந்தப் பென்சில் கோடு இல்லாவிட்டால் இரண்டாம் வாரமும் அதையேதான் செய்திருப்பேன்.

இந்தப் பதிவு செய்கிற வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1940களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸும் அவர் மாணவர்களும் ஆலோசனை அமர்வுகளை கிராமபோன் தட்டுகளில் பதிந்தார்கள். அதுவரை அறைக்குள் என்ன நடந்தது என்பது ஆலோசகர் பிறகு நினைவிலிருந்து எழுதிவைப்பதுதான், அப்படி எழுதும்போது நாம் பேசிய அசட்டுப் பேச்சு எதுவும் குறிப்பில் ஏறாது. தட்டு எதையும் விடாது. ஒருவரின் எட்டு அமர்வுகளையும் முழுசாகப் பதிந்து, வார்த்தை மாறாமல் 1942ல் அச்சிலும் கொண்டுவந்தார் ரோஜர்ஸ். தான் எவ்வளவு குறுக்கிடுகிறோம் என்பதை ஒரு பயிற்சியாளர் தன் காதாலேயே கேட்கலாம் என்பது அப்போதுதான் சாத்தியமானது. இன்றைக்கு செல்போன் போதும், ஆனால் வந்தவரின் சம்மதமும், மேற்பார்வை முடிந்ததும் அழித்துவிடுகிற ஒழுங்கும் வேண்டும்.

அமெரிக்காவில் இதை மணிக்கணக்காகவே விதியாக்கிவிட்டார்கள். அங்கே ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற காக்ரெப் என்ற அமைப்பு 1981ல் தொடங்கியது. அதன் விதிப்படி முதுகலை மாணவர் முதலில் 100 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும், அதில் குறைந்தது 40 மணி உண்மையான ஆட்களோடு நேரடியாக. பிறகு 600 மணி இன்டர்ன்ஷிப், அதில் 240 மணி நேரடி வேலை. இந்தக் காலம் முழுக்க வாரம் சராசரியாக ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு நெருக்கமாக உட்கார வேண்டும், குழு மேற்பார்வை தனி. பட்டம் வாங்கிய பிறகும் உடனே தனியாக நாற்காலி போட முடியாது, மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிற மேற்பார்வை மணிகளை முடித்து, தேர்வும் எழுதி, உரிமம் வாங்க வேண்டும். உரிமச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாகாணம் வர்ஜீனியா, 1976ல். அவர்களிடமும் குறை உண்டு, படிப்புச் செலவு கழுத்தை நெரிக்கும். ஆனாலும் மணிக்கணக்கை எழுத்தில் வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. பிறகு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர ஆட்கள் தேவைப்பட்டார்கள். இன்றும் நம்பிக்கை மையம் என்ற பலகையோடு அந்த அறைகள் இருக்கின்றன, அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் ரிசல்ட்டை எப்படிச் சொல்வது என்பதைச் சொல்லிச் சொல்லியே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதே 1986ல்தான் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக சிநேகா என்ற அமைப்பைத் தொடங்கினார்.

சட்டத்தில் இந்தத் தொழில் நிற்கிற இடம் பலருக்கும் தெரியாது. மருத்துவ உளவியலாளர் என்றால் 1992ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நிபுணர் என்று யாரையெல்லாம் சொல்கிறதோ அதில் ஆலோசகர் என்ற தனிப் பிரிவு கிடையாது. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில்தான் நடத்தை நலப் பிரிவில் உளவியலாளர்களோடு ஆலோசகர்களும் இடம்பெற்றார்கள். அந்தச் சட்டமும் மணிக்கணக்கில்தான் பேசுகிறது, சுகாதாரத் தொழிலர் என்று சொல்லிக்கொள்ள குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு. அதைத் தொடர்ந்து 2025ல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலை இனி அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டிலிருந்தபடியே படித்துக்கொண்டிருந்த பெண்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படித்த ஆசிரியர்கள் எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. சின்ன ஊர்களில் நேரடி வகுப்பு இல்லையே, எங்கே போவார்கள்? இருந்தும் அந்த முடிவை எதிர்க்க எனக்கு மனசு வரவில்லை, தபாலில் வருகிற பாடப் புத்தகம் உங்கள் டேப்பைக் கேட்காது.

நேரடி வகுப்பு என்றால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஒரு கல்லூரியில் வெளித் தேர்வாளராகப் போயிருந்தேன். மாணவர்களின் பயிற்சிப் பதிவேட்டில் இருபது பேருக்கும் ஒரே மாதிரி மணிக்கணக்கு, ஒரே பேனா, ஒரே நாளில் போட்ட கையெழுத்து. ஒரு பையனிடம், நீ பார்த்த கேஸ் ஒன்றைச் சொல்லப்பா என்றேன். இணையத்தில் எங்கோ படித்ததை ஒப்பித்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்கிறான், ஒரு நாள்கூட ஒருவரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் மாணவர்கள் படிப்பது ஆங்கிலத்தில், எதிரே உட்காருகிறவர் பேசுவது தமிழில். "டிப்ரஷன்" என்று யாரும் வந்து சொல்வதில்லை. "மனசு பாரமா இருக்கு", "ஒண்ணுமே பிடிக்கல", "நெஞ்சு படபடங்குது", "யாரோ செய்வினை வச்சிட்டாங்க", "வாழ்ந்து என்ன ஆகப்போகுது" என்றுதான் வருகிறார்கள். இதில் கடைசி வாக்கியத்தைச் சலிப்பாகவும் சொல்வார்கள், நிஜமாகவே சாக நினைத்தும் சொல்வார்கள். இரண்டில் எது என்று நேரடியாகக் கேட்கத் தெரிய வேண்டும், "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று தமிழில், தயங்காமல், மரியாதை குறையாமல். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு முதல் தடவை அந்த வாக்கியம் வாயிலிருந்தே வராது. கேட்டால் அந்த நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று பயம். அப்படி உண்டாகாது, கேட்பது பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கவே உதவும். அதனால் மூன்று மூன்று பேராக உட்காரவைத்து, ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க, ஒருவர் பார்க்க, அந்த ஒரு கேள்வியை மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கப் பழக்குவேன். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது அப்படித் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வயது பார்த்து முறை வைத்துக் கூப்பிடுவதும்கூடப் பயிற்சியில் வர வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பெண் எதிரே அறுபது வயதுப் பெரியவர் வந்து உட்காருவார். ஐயா என்பதா, அப்பா என்பதா, சார் என்பதா? அவர் "என் பேத்தி வயசு உனக்கு, நீ என்ன சொல்லப்போற" என்பார். இதற்கு மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. எங்கள் மாணவி ஒருத்தி, "நான் சொல்ல வரலைங்கய்யா, கேட்கத்தான் வந்திருக்கேன்" என்றாள். பெரியவர் அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்.

ரகசியம் காப்பது என்பதை எல்லாரும் பரீட்சையில் எழுதிவிடுவார்கள். ஒரு பதிமூன்று வயதுக் குழந்தை, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கேட்கும்போதுதான் சோதனை. சத்தியம் பண்ணக் கூடாது. 2012ஆம் வருஷ போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். அதைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி, அது வாய் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து வரவழைக்க முடியாது, மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவையாவது திக்கித் திணறிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். காலேஜ் பெயர் எதுவும் நான் சொல்லவில்லை. பிராஸ்பெக்டஸில் இல்லாத மூன்று விஷயங்களைப் போய்க் கேள் என்றேன்: எத்தனை மணி நேரம் நிஜமான ஆட்களைப் பார்ப்பேன், என் டேப்பை யார் கேட்பார்கள், தமிழில் பேசிய பேச்சைத் தமிழிலேயே மேற்பார்வை செய்வார்களா. அப்புறம், ஆலோசனை அறை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல் என்றேன்.

ஆகஸ்டில் போன் செய்தாள். மூன்று இடத்துக்குப் போயிருக்கிறாள். ஒரு இடத்தில் பிளேஸ்மென்ட் பற்றி மட்டும் பேசினார்களாம். இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டர் லேபைக் காட்டினார்களாம். மூன்றாவது இடத்தில் துறைத்தலைவர் அவளையும் அப்பாவையும் மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு கதவைத் திறந்து காட்டியிருக்கிறார். சின்ன அறை, எதிரெதிரே இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்ட இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், சுவரில் கடிகாரம், ஜன்னலுக்குத் திரை. அப்பா உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாராம். அங்கேதான் சேர்ந்திருக்கிறாள். முதல் டேப் தீபாவளி லீவுக்கு அப்புறம் என்றாள்.

நன்றி, வணக்கம்.