ஒரே பைட்கோட், எல்லா மெஷினும்: ரஸ்டில் வாஸி டார்கெட் அமைப்பது எப்படி

[திரை: டெர்மினல். சின்ன ரஸ்ட் புராஜெக்ட் ஒன்று திறந்திருக்கிறது.]

வணக்கம். திரையில் இருப்பது ரஸ்ட் மொழியில் எழுதிய சாதாரண புரோகிராம். ஒரு ஃபைலைத் திறக்கும், அதில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணும், எண்ணிக்கையை அச்சிடும். இதை ஒரு தடவை கம்பைல் செய்து, அதே ஃபைலை லினக்ஸிலும் விண்டோஸிலும் மேக்கிலும் ஓட்ட வேண்டும். சிப் இன்டெலா ஆர்மா என்ற கவலையும் கூடாது.

இதற்கு வெப்அசெம்ப்ளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது கணக்கு மட்டும் தெரிந்த பைட்கோட். கூட்டும், ஒப்பிடும், தன் மெமரியில் எழுதும், அதிலிருந்து படிக்கும். ஃபைலைத் திறக்க அதில் இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது. மணி என்ன என்று பார்க்கவும் கிடையாது. வெளியிலிருந்து எது வேண்டுமென்றாலும், தன்னை ஓட்டுகிற ரன்டைம் கொடுக்கும் ஒரு ஃபங்ஷனைத்தான் கூப்பிட வேண்டும். அந்த ஃபங்ஷன்களின் பெயர் என்ன, எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்று எழுதிவைத்த பொது ஒப்பந்தம்தான் வாஸி. மொசில்லா 2019 மார்ச்சில் அறிவித்தது. பிரவுசருக்கு வெளியே வெப்அசெம்ப்ளியை ஓட்டுவதுதான் நோக்கம்.

[திரை: மூன்று துண்டாகப் பிரித்த டார்கெட் பெயர்.]

கம்பைலரிடம் டார்கெட் சொல்வது என்றால் இரண்டு தகவல்களைச் சொல்கிறோம். எந்த வகை இன்ஸ்ட்ரக்ஷன் வேண்டும் என்பது ஒன்று. புரோகிராமுக்கு வெளியே யார் இருப்பார்கள் என்பது இன்னொன்று. வாஸ்ம்32 என்ற முதல் துண்டு இன்ஸ்ட்ரக்ஷனைச் சொல்கிறது. அதற்குப் பின்னால் வருவது வெளியுலகத்தைச் சொல்கிறது. தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் இந்தப் பின்பாதிதான்.

வாஸ்ம்32-அன்னோன்-அன்னோன் என்று ஒரு டார்கெட் உண்டு. பிரவுசருக்காக எழுதுகிறவர்கள் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அன்னோன் என்றால் வெளியே யாரும் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதே என்று பொருள். நம் வரி எண்ணும் புரோகிராமை அதற்குக் கம்பைல் செய்து பாருங்கள்.

[திரை: பில்ட் ஓடுகிறது, பச்சை எழுத்தில் முடிகிறது.]

ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஃபைல் ஃபங்ஷன்கள் பெயரளவில் இருப்பதால் கம்பைலருக்குச் சந்தேகம் வராது. ஓட்டும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஃபைலைத் திறந்தால் இந்த வசதி இங்கே இல்லை என்று எரர் வரும். நேரம் அளக்கும் இன்ஸ்டன்ட் நவ் பேனிக் ஆகும், அதாவது புரோகிராமே அங்கே நின்றுபோகும். இதைவிட மோசமானது அச்சிடுவதற்கான பிரின்ட்எல்என். எரரும் தராது, எதையும் காட்டாது, எழுதியதை அப்படியே விழுங்கிவிடும். பேனிக் ஆனால் செய்தியும் அதே வழியில் போய்விடும். எதுவுமே அச்சாகவில்லை என்றால் புரோகிராமைக் கிளறுவதற்கு முன் டார்கெட் பெயரைப் பாருங்கள்.

நமக்கு வேண்டியது வாஸ்ம்32-வாஸிபி1. பி1 என்றால் வாஸியின் ப்ரிவியூ 1.

[திரை: ரஸ்ட்அப் டார்கெட் ஆட் கட்டளை.]

ரஸ்ட்டை நிறுவித் தரும் கருவியான ரஸ்ட்அப்பில் ரஸ்ட்அப் டார்கெட் ஆட், அப்புறம் டார்கெட் பெயர். அவ்வளவுதான். இது கம்பைலரை மாற்றுவதில்லை. அந்த டார்கெட்டுக்காக ஏற்கெனவே கம்பைல் செய்த ஸ்டாண்டர்ட் லைப்ரரியை இறக்குகிறது. இதைச் செய்யாமல் பில்ட் கொடுத்தால் எஸ்டிடி என்ற கிரேட்டை, அதாவது ஸ்டாண்டர்ட் லைப்ரரி பேக்கேஜை, காணோம் என்று புலம்பும். கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சிஐ மெஷினில் பில்ட் உடைவதும் பல நேரம் இதனால்தான். உங்கள் லேப்டாப்பில் என்றோ நிறுவியிருப்பீர்கள், அங்கே நிறுவியிருக்க மாட்டீர்கள். ரஸ்ட்-டூல்செயின் டாட் டாம்ல் ஃபைலில் டார்கெட்டை எழுதிவைத்தால் இந்தத் தொல்லை போகும்.

பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் வாஸ்ம்32-வாஸி என்று, கடைசியில் பி1 இல்லாமல் இருக்கும். அந்தப் பெயர் இப்போது செல்லாது. 2024 மே மாதம் வந்த ரஸ்ட் 1.78-இல் புதுப் பெயர் வந்தது, 1.81-இல் பழையதற்கு எச்சரிக்கை காட்டத் தொடங்கினார்கள், 2025 ஜனவரியில் வந்த 1.84-இல் எடுத்தே விட்டார்கள். என்றாவது வரப்போகும் வாஸி 1.0-க்கு அந்தப் பெயரை ஒதுக்கி வைக்கத்தான் இவ்வளவும். நியாயமான முடிவுதான், ஆனால் எத்தனையோ பில்ட் ஸ்கிரிப்ட்டுகளைத் திருத்த வேண்டி வந்தது.

[திரை: டாட் கார்கோ ஃபோல்டருக்குள் கான்ஃபிக் டாட் டாம்ல்.]

சரி, ஒவ்வொரு தடவையும் டார்கெட்டைக் கையால் அடிக்க வேண்டாம். ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவுக்காக, புராஜெக்டில் டாட் கார்கோ என்ற ஃபோல்டர், அதற்குள் கான்ஃபிக் டாட் டாம்ல். பில்ட் என்ற பகுதியில் டார்கெட் இதுதான் என்று ஒரு வரி. அப்புறம் அந்த டார்கெட்டின் பெயரிலேயே ஒரு பகுதி திறந்து, அதில் ரன்னர் என்று இன்னொரு வரி: வாஸ்ம்டைம் ரன், இடைவெளி, டேஷ் டேஷ் டிர் ஈக்வல் புள்ளி. வாஸ்ம்டைம் என்பது வாஸி புரோகிராம்களை ஓட்டும் ஒரு ரன்டைம்.

அந்த ரன்னர் வரி இருந்தால் கார்கோ ரன் வழக்கம்போல வேலை செய்யும். கார்கோ டெஸ்டும் அப்படியே. டெஸ்டுகள் உங்கள் மெஷினின் சொந்தக் கோடாக ஓடாமல் வாஸ்ம்டைமுக்குள் ஓடும். கம்பைல் நடக்கும்போதே ஓட வேண்டிய பில்ட் ஸ்கிரிப்ட்டுகளையும் ப்ரோக் மேக்ரோக்களையும் கார்கோ உங்கள் மெஷினுக்கே கம்பைல் செய்துகொள்ளும், அதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

ரன்னரில் ஏன் அந்த டிர்? அதை எடுத்துவிட்டு ஓட்டுகிறேன், பாருங்கள்.

[திரை: எரர் செய்தி. ப்ரீ-ஓபன்ட் என்ற சொல் மஞ்சளில்.]

ஃபைல் இதே ஃபோல்டரில்தான் இருக்கிறது. படிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது. ஆனாலும் இந்த ஃபைலைத் திறப்பதற்கு முன்கூட்டியே திறந்து தந்த ஃபோல்டர் எதுவும் இல்லை என்கிறது. வாஸியின் முக்கியமான குணம் இந்த எரரில்தான் தெரிகிறது.

[திரை: வாஸ்ம் ஃபைலின் எழுத்து வடிவம். இறக்குமதிப் பட்டியல்.]

கம்பைல் ஆன ஃபைலைப் பிரித்து இறக்குமதிகளைப் பாருங்கள். எல்லாம் வாஸி ஸ்னாப்ஷாட் ப்ரிவியூ1 என்ற ஒரே பெயரின் கீழ் இருக்கின்றன. எஃப்டி ரைட், எஃப்டி ரீட், பாத் ஓபன், ப்ராக் எக்ஸிட். இதில் பாத் ஓபனைக் கவனியுங்கள். அது முதலில் கேட்பது ஒரு ஃபோல்டரின் எண்ணை. பாதை அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது இந்த ஃபோல்டருக்குள் இந்தப் பாதை என்றுதான் கேட்க முடியும். ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்து நேராகத் திறக்க வழியே இல்லை.

இந்த எண்களில் 0, 1, 2 மூன்றும் வழக்கமான இன்புட், அவுட்புட், எரர். வாஸ்ம்டைம் உள்ளே கொடுக்கும் முதல் ஃபோல்டர் 3. நம் புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்து வரும் வாஸி லிப்சி என்ற சி லைப்ரரி 3-இலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு, எந்தெந்த ஃபோல்டர் கிடைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. நம் புரோகிராம் ஏதாவது பாதையைக் கொடுத்தால், அது எந்த ஃபோல்டருக்குள் வரும் என்று பார்த்து எண்ணையும் மீதிப் பாதையையும் பாத் ஓபனிடம் தருகிறது. பொருந்தும் ஃபோல்டர் இல்லையென்றால் பாத் ஓபன் வரைகூடப் போகாமல் லிப்சியே எரர் தந்துவிடும். சற்றுமுன் பார்த்தது அதுதான். இரண்டு புள்ளி போட்டு மேலே ஏறி வெளியே போகப் பார்த்தால் ரன்டைம் மறுக்கும். வேறு இடத்தைச் சுட்டும் சிம்லிங்க் வழியாக வெளியே போகப் பார்த்தாலும் அதே பதில்தான்.

ஆக, டார்கெட்டை அமைப்பதால் எந்த அனுமதியும் கிடைத்துவிடாது. கேட்கத் தெரிந்த புரோகிராம் கிடைக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் ஓட்டுகிறவர் கையில். என்விரான்மென்ட் வேரியபிள்களும் இப்படித்தான். வாஸ்ம்டைம் தானாக எதையும் உள்ளே அனுப்பாது, டேஷ் டேஷ் என்வ் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அதனால் ரன்னரில் டிர் புள்ளி என்று எழுதுவதுகூட டெவலப்மென்டுக்கு மட்டுமே சரி. வேறு இடத்தில் ஓட்டும்போது எந்த ஃபோல்டர் தேவையோ அதை மட்டும் கொடுங்கள். வெளியே ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்று இரட்டை கோலன் போட்டு மாற்றியும் கொடுக்கலாம்.

[திரை: டெர்மினல்.]

பி1-இன் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். இது 32 பிட் உலகம், அளவுகளைக் குறிக்கும் யூசைஸ் என்ற எண் வகை 4 பைட்தான், மெமரி 4 ஜிபிக்கு மேல் போகாது. த்ரெட் தொடங்கினால் எரர் வரும். நெட்வொர்க்கில் நீங்களாக ஒரு கனெக்ஷன் திறக்க முடியாது. உங்கள் புராஜெக்ட் இழுக்கும் கிரேட் ஏதாவது சி கோடைக் கம்பைல் செய்கிறது என்றால் வாஸிக்கான சி கம்பைலரும் ஹெடர்களும் அடங்கிய வாஸி எஸ்டிகே வேண்டும், ஏனென்றால் உங்கள் மெஷினின் சி ஹெடர்கள் இங்கே உதவாது.

கோ மொழியில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். 2023-இல் வந்த 1.21 முதல் கூஸ் வாஸிபி1, கூஆர்ச் வாஸ்ம் என்று இரண்டு வேரியபிள் வைத்தாலே போதும்.

நெட்வொர்க் கட்டாயம் வேண்டும் என்றால் வாஸிபி2. 2024 ஜனவரியில் வந்த வாஸி 0.2-தான் இது. ரஸ்ட் 1.82 முதல் இதையும் ரஸ்ட்அப் மூலமே இறக்கலாம். ஆனால் இது தருவது வேறு வகை ஃபைல்.

[திரை: இரண்டு ஃபைல்களின் முதல் 8 பைட், மேலும் கீழுமாக.]

முதல் 4 பைட் இரண்டிலும் 00 61 73 6டி. அடுத்த 4 பைட் பி1-இல் 01 00 00 00, பி2-இல் 0டி 00 01 00. மேலே இருப்பது சாதாரண மாட்யூல், கீழே இருப்பது காம்பொனென்ட். மாட்யூல் மட்டும் தெரிந்த ரன்டைமிடம் காம்பொனென்டைக் கொடுத்தால் வெர்ஷன் புரியவில்லை என்று அங்கேயே நின்றுவிடும். அப்படி ஒரு எரர் வந்தால் இந்த 8 பைட்டைத்தான் முதலில் பார்ப்பேன். எந்த ரன்டைமில் ஓடப்போகிறது என்பது உங்கள் கையில் இல்லாதவரை பி1-லேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து. ரன்டைம் உங்களுடையது, நெட்வொர்க் சாக்கெட்டும் வேண்டும் என்றால் கான்ஃபிக் ஃபைலில் டார்கெட் பெயர் வரும் இரண்டு இடத்திலும் 1-ஐ 2 ஆக்கிவிட்டு, அந்த டார்கெட்டையும் ரஸ்ட்அப்பில் சேர்த்துவிடுங்கள். ஃபோல்டரைப் போலவே நெட்வொர்க்குக்கும் ரன்னர் வரியில் அனுமதி எழுத வேண்டியிருக்கும்.