வாடைக்கு முன் கோழிக்கூடு

வணக்கம் நேயர்களே. கோழிக்கூட்டைப் பற்றிப் பேச வானொலிக்குப் போகிறேன் என்றதும் என் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நான் மிருக வைத்தியர் இல்லை. திருகோணமலை உப்புவெளியில், வீட்டுக் கோடிக்குள் 11 பேடும் ஒரு சேவலும் வளர்க்கிறேன், அவ்வளவுதான்.

கச்சான் காற்று ஓய்ந்து வடகிழக்கு வாடைக்காற்று திரும்புகிற நேரம் இது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தை வரைக்கும் நம் முற்றம் காயாது. கூட்டைத் திருத்துவதென்றால் இப்போதே திருத்த வேண்டும்.

முதல் மாரியில் நான் ஆடிய கூத்தைச் சொல்கிறேன். பாவம், குளிரில் நடுங்குமே என்று கூட்டின் நாலு பக்கமும் பொலித்தீன் அடித்தேன். விரல் நுழைய இடமில்லை. நாலாம் நாள் விடியக் கதவைத் திறந்தால், பொலித்தீனின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர்த்துளி. நின்றபடி முகர்ந்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. குந்தியிருந்து, கோழியின் தலை உயரத்துக்கு என் மூக்கைக் கொண்டுபோனேன். கண் எரிந்து தண்ணீர் வடிந்தது. எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளப்பிய அமோனியா அது. இரவு முழுக்க அதைத்தான் அவை சுவாசித்திருக்கின்றன. மூன்று கோழிக்குச் சளி பிடித்தது, ஒன்று செத்தே போனது.

நோர்வேயில் இருக்கும் என் மச்சாளும் ஐந்து கோழி வைத்திருக்கிறார். அங்கே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை வரை குளிரும். தொலைபேசியில் என் கதையைக் கேட்டுவிட்டு, “மச்சாள், முதலில் அந்தப் பொலித்தீனைக் கழற்றுங்கோ. கோழிக்குக் குளிர் பெரிசில்லை, ஈரம்தான் எமன்” என்றார். அவருடைய கூட்டில் சூட்டு விளக்கே கிடையாது. வைக்கோலும் தூசியும் உள்ள இடத்தில் அந்த விளக்கு விழுந்தால் கூடு எரிந்துபோகும் என்பது அவர் பயம். கூரைக்குக் கீழே மட்டும் பனிக்காலத்திலும் இடைவெளி திறந்தே இருக்குமாம். ஈரக்காற்று வெளியேறாவிட்டால் சேவலின் கொண்டை குளிரில் கருகிவிடும் என்றார்.

யோசித்தால் சரிதான். கோழியின் உடம்புச் சூடு 41 பாகையளவு. இறகைச் சிலிர்த்துக்கொண்டால் இடையில் நிற்கும் காற்றே அதற்குப் போர்வை. இறகு நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால் போர்வை போயிற்று. 2022 மார்கழியில் மண்டோஸ் புயல் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தது நினைவிருக்கும். அங்கே பனியா கொட்டியது? மழையும் காற்றும்தான்.

சரி, இப்போது என் கூடு எப்படி இருக்கிறது? வாடை வருகிற வடக்கும் கிழக்கும் கிடுகால் அடைத்திருக்கிறேன், அதுவும் கோழி படுக்கும் கம்புக்கு ஒரு முழம் மேலே வரைதான். அதற்கு மேல் கூரை வரை கோழிவலை. தாழ்வாரத்தை இரண்டு அடி நீட்டிவிட்டதால் சாரல் உள்ளே வருவதில்லை. கூட்டைச் சீமெந்துக் கல்லின் மேல் ஒரு அடி உயர்த்தியாயிற்று. கூரைத் தகரத்தைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் நம் கரையைக் கடந்தபோது எத்தனை தகரம் பறந்தது!

கீழே நாலு விரற்கடை உமி. தம்பலகாமப் பக்கத்து ஆலைகளில் மூட்டையாக வாங்கலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். உமியைக் கையில் அள்ளிப் பிழிந்து பாருங்கள். கட்டியாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, மாற்றுங்கள். அந்த ஈரத்தில்தான் இரத்தக்கழிச்சல் பெருகும். தண்ணீர்ச் சட்டியைக் கல்லின்மேல் வைத்தால் பாதி ஈரம் குறையும்.

மழைக்காலத்தில் கோழிக்குப் புழுதி குளிக்க இடமில்லாமல் போகும், பேன் ஏறும். நான் பழைய டயர் ஒன்றில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து தாழ்வாரத்துக்குள் வைத்திருக்கிறேன். அதற்கு நடக்கும் சண்டையைப் பார்க்க வேண்டுமே.

தீனில் பூஞ்சணம் கண்டால் யோசிக்காமல் எறியுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை மழைக்கு முன் போட்டுவிடுங்கள். கோழியம்மை நுளம்பால் வரும், அதையும் வைத்தியரிடம் கேளுங்கள். தாயில்லாக் குஞ்சுகளுக்கு மட்டும் முதல் சில வாரம் மின்குமிழ்ச் சூடு வேண்டும். முட்டை குறைகிறதே என்று பெரிய கோழிக்கு விளக்குப் போட அவசரப்படாதீர்கள். பகல் குறுகினால் முட்டை குறையும். நோர்வேயின் ஒஸ்லோவில் மார்கழிப் பகல் ஏறக்குறைய 6 மணித்தியாலம், மச்சாளுக்கு அது பிரச்சினை. நமக்கு 11 மணித்தியாலத்துக்குக் குறையாது.

அப்புறம் முருங்கையில் ஏறிப் படுக்கும் ஊர்க்கோழிகள். அவற்றை இப்போதே மாலையில் குறுணல் போட்டுக் கூட்டுக்குப் பழக்குங்கள். மழை தொடங்கியபின் இருட்டில் மரமேறிப் பிடிக்கிற வேலை எனக்குத் தெரியும், வேண்டாம்.

முதல் மழை இரவில் டோர்ச்சோடு போய்க் கூட்டுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். போன கிழமை பெய்த தூறலில் நான் பார்த்தேன். சேவல் படுக்கிற மூலைக்கு நேர் மேலே ஓர் ஆணித்துளை ஒழுகுகிறது. போகிற வழியில் தார் வாங்க வேண்டும். வணக்கம்.